செத்துப்போன இதயத் தசையை ஸ்டெம் செல் மீட்டுத் தருமா? வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. மூன்று மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் 32 என்று வந்திருக்கிறது. இடுப்பு எலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இதயத்தில் செலுத்தினால் செத்த தசை திரும்ப வளரும், நான்கு லட்சம் ஆகும் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: விற்காதீர்கள். இந்த ஒரு வார்த்தையை முதலில் சொல்லிவிட்டுத்தான் காரணத்துக்கு வர வேண்டும்.

இதயத்தின் இடது கீழறையில் சுமார் 200 கோடியிலிருந்து 400 கோடி தசைச் செல்கள் இருக்கின்றன. பெரிய மாரடைப்பு ஒன்று சில மணி நேரத்தில் 100 கோடி செல்கள் வரை கொன்றுவிடும். அந்த இடத்தில் தசைக்குப் பதிலாகத் தழும்பு உண்டாகிறது. தழும்பு கிழியாமல் தாங்கும், ஆனால் சுருங்கி விரியாது. பம்பிங் என்பது இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற அளவு. அப்பாவுக்கு அது 32-க்கு இறங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களை உண்டாக்கக்கூடிய மூலச் செல். எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல் ரத்த அணுக்களை உண்டாக்கும். இதயத் தசையாக மாறாது. 2000-களின் தொடக்கத்தில் மாறும் என்று நம்பித்தான் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்தார்கள். 41 சோதனைகளை, 2,732 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வில், மாரடைப்புக்குப் பின் இந்தச் செல்களைச் செலுத்தியதால் உயிரிழப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறியும் இதில் தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற நிரூபிக்கப்பட்ட பயன்பாட்டைத் தவிர, வேறு எதற்கும் ஸ்டெம் செல்லை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே சிகிச்சை என்று கொடுக்கக் கூடாது.

அப்பாவுக்கு இந்த வாரமே செய்ய வேண்டியது வேறு. ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. மாத்திரைகளைச் சரியான அளவில் எடுத்த பிறகும் பம்பிங் 35-க்குக் கீழே நின்றால், திடீர் துடிப்புக் கோளாறால் உயிர் போகும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத் தோளுக்குக் கீழே ஐ.சி.டி. என்ற சிறு கருவி பொருத்துவார்கள். மாரடைப்பு முடிந்து குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் வைத்திருந்தால் மூன்று மாதம் கழித்து எக்கோவைத் திரும்ப எடுத்து முடிவு செய்வதுதான் வழக்கம். “ஐ.சி.டி. தேவையா? மாத்திரை அளவை இன்னும் ஏற்றலாமா?” என்ற இரண்டு கேள்விகளோடு உங்கள் இதய மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைகளைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எலும்பு மஜ்ஜைச் செல்லை இதயத்துக்குள் எப்படிச் செலுத்துகிறார்கள்? போன செல் அங்கேயே தங்குமா?
(நர்சிங் மாணவி, மதுரை)

பதில்: ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் குழுவினர் நடத்திய ‘ரிப்பேர் ஏ.எம்.ஐ.’ ஆய்வின் முறையைச் சொன்னால் படம் போலப் புரியும். மாரடைப்பு வந்து அடைப்பை ஸ்டென்ட் வைத்துத் திறந்தாயிற்று. அதன்பின் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டை மரத்துப்போகச் செய்து ஊசியால் சுமார் 50 மில்லி மஜ்ஜை உறிஞ்சுவார்கள். அதை அடர்த்தி வேறுபாட்டுத் திரவத்தின் மேல் ஊற்றிச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். இடையில் மங்கலான வெண்மையாக ஒரு மெல்லிய வளையம் நிற்கும். நமக்கு வேண்டியது அந்த வளையம்தான். அதைக் கழுவி 10 மில்லி திரவத்தில் கலப்பார்கள்.

பிறகு மறுபடி ஆஞ்சியோ. முன்பு ஸ்டென்ட் வைத்த அதே இடத்தில் பலூனை லேசாக ஊதி ரத்த ஓட்டத்தை மூன்று நிமிடம் நிறுத்தி, 3.3 மில்லி செல் திரவத்தைக் கீழே அனுப்புவார்கள். ஓட்டம் நின்றால்தான் செல்லுக்கு நாளச் சுவரில் ஒட்ட நேரம் கிடைக்கும். பலூனைச் சுருக்கி, மூன்று நிமிடம் இதயத்துக்கு ஓய்வு கொடுத்து, இதையே மூன்று முறை செய்வார்கள்.

தங்குவதுதான் பெரிய சிக்கல். செல்களில் கதிரியக்க அடையாளம் ஒட்டிப் பார்த்தபோது, பிரித்தெடுக்காத மஜ்ஜைச் செல்களில் நூற்றுக்கு இரண்டு அளவில்தான் இதயத்தில் இருந்தன. மற்றவை கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விட்டன. கை நரம்பில் டிரிப் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசம், பெரும்பாலான செல் நுரையீரலின் நுண்நாளங்களிலேயே சிக்கிக்கொள்ளும். “டிரிப் வழியாக ஏற்றினால் செல் தானாக இதயத்தைத் தேடிப் போகும்” என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

தயாரிப்பில் ஒரு சின்ன மாற்றம்கூடச் செல்லின் திறனைக் கெடுக்கும். செல்லை எந்தத் திரவத்தில் வைத்திருந்தார்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை எவ்வளவு கலந்தார்கள், சிவப்பணுக்கள் எவ்வளவு மிச்சம் இருந்தன என்பதெல்லாம் செல் நகர்ந்து சேரும் திறனை மாற்றுகிறது என்று பின்னால் தெரியவந்தது. எண்ணிக்கை கோடிக்கணக்கில் என்று சான்றிதழ் காட்டலாம். உயிரோடு, வேலை செய்யும் நிலையில் எத்தனை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: என் நண்பருக்கு ஸ்டெம் செல் போட்ட பின் பம்பிங் 30-லிருந்து 38 ஆனது. ரிப்போர்ட்டை நானே பார்த்தேன். அப்படியிருக்க, பலன் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நண்பரின் பம்பிங் கூடியது உண்மையாகவே இருக்கலாம், மகிழ்ச்சி. ஆனால் எதனால் கூடியது என்பது அந்த ஒரு ரிப்போர்ட்டில் தெரியாது.

மாரடைப்பின்போது எல்லாத் தசையும் சாவதில்லை. ஒரு பகுதி திகைத்துப்போய் நிற்கும். உயிர் இருக்கும், சுருங்காது. அடைப்பைத் திறந்தபின் சில வாரங்களில் அது தானாக விழித்துக்கொள்ளும். ஸ்டெம் செல் போடாதவர்களுக்கும் இது நடக்கும். இரண்டாவது, அதே காலத்தில் அவர் மாத்திரைகளும் எடுத்திருப்பார், அவை பம்பிங்கைக் கூட்டக்கூடியவை. மூன்றாவது, எக்கோவே ஆளுக்கு ஆள் மாறும். ஒரே இதயத்தை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தால் ஐந்து, சில சமயம் பத்து புள்ளி வரை வித்தியாசம் வரலாம். இந்த மூன்றையும் கழித்த பின்தான் செல்லின் பங்கு தெரியும். அதைக் கழிக்க ஒரே வழி, செல் போடாத இன்னொரு குழுவோடு ஒப்பிடுவது.

அப்படி ஒப்பிட்ட கதை இது. 2004-இல் வந்த ‘பூஸ்ட்’ ஆய்வில் 60 பேர். ஆறு மாதத்தில் செல் போட்டவர்களுக்கு 6.7 புள்ளி கூடியது, போடாதவர்களுக்கு 0.7. எல்லோரும் கொண்டாடினார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால் இரு குழுவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2006-இல் 204 பேரிடம் நடந்த ‘ரிப்பேர் ஏ.எம்.ஐ.’யில் 5.5-க்கு எதிராக 3.0. அதே மருத்துவ இதழில் வெளியான நார்வேயின் ‘அஸ்டாமி’யில் 100 பேர், பலன் இல்லை. ஆள் குறைவாக இருப்பதால்தான் தெளிவு இல்லை, 3,000 பேரிடம் செய்து உயிர் காக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று ஐரோப்பாவில் ‘பாமி’ ஆய்வைத் தொடங்கினார்கள். சேர்ந்தது 375 பேர்தான். இரண்டு ஆண்டில் இறப்பு செல் போட்டவர்களில் 3.26 சதவீதம், போடாதவர்களில் 3.82. இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்டென்ட்டும் நல்ல மாத்திரைகளும் வந்தபின் இறப்பு விகிதமே இவ்வளவு இறங்கிவிட்டது என்பதுதான் அந்த ஆய்வில் நம்மைத் தொடும் செய்தி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2014-இல் லண்டன் ஆய்வாளர்கள் 49 மஜ்ஜைச் செல் சோதனைகளின் கட்டுரைகளை வரிவரியாகச் சரிபார்த்தார்கள். கூட்டல் பொருந்தாதது, ஆட்களின் எண்ணிக்கை மாறுவது என்று 600-க்கும் மேற்பட்ட முரண்கள். பிழையே இல்லாத சோதனைகளில் பம்பிங் கூடியது ஏறக்குறைய சுழியம். முப்பதுக்கு மேல் முரண் இருந்தவற்றில் 7.7 புள்ளி. பிழை கூடக் கூடப் பலனும் கூடியிருக்கிறது.

கேள்வி: இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்று பத்தாண்டுகளுக்கு முன் படித்தேன். அது என்ன ஆயிற்று?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: நீங்கள் படித்தது பியரோ அன்வெர்சா என்ற ஆய்வாளரின் கூற்றாக இருக்கும். 2001-இல் எலியின் இதயத்தில் மஜ்ஜைச் செல்லைப் போட்டால் தசை வளர்கிறது என்று அவர் குழு எழுதியது. 2004-இல் இரண்டு வேறு குழுக்கள் அதையே செய்து பார்த்து, ஒரு மஜ்ஜைச் செல்கூடத் தசையாகவில்லை என்றார்கள். அதற்குள் அவர் ‘சி-கிட்’ என்ற அடையாளம் தாங்கிய செல்கள் இதயத்திலேயே இருக்கின்றன என்று சொல்லத் தொடங்கிவிட்டார். எலியில் அந்தச் செல்களின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்து பார்த்த பிற குழுக்கள், அவை தசையாவது மிக மிக அரிது என்று கண்டன. 2018 அக்டோபரில், ஹார்வர்டும் அதன் இணை மருத்துவமனையும் அவர் ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லின, தரவு புனையப்பட்டிருந்தது என்ற காரணத்தால். அந்தச் செல்லை மனிதருக்குச் செலுத்திய ‘ஸ்கிப்பியோ’ ஆய்வின் கட்டுரையும் 2019-இல் திரும்பப் பெறப்பட்டது. நம்பி உடலைக் கொடுத்த நோயாளிகளை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்னும் சில மையங்களின் விளம்பரத் தாளில் அந்தப் பழைய படங்கள் வருகின்றன. கண்டால் ஏமாறாதீர்கள்.

கேள்வி: கல்லீரலை வெட்டினால் வளர்கிறதே, இதயம் ஏன் வளர்வதில்லை?
(பிளஸ் டூ மாணவர், சேலம்)

பதில்: கொஞ்சம் வளர்கிறது, போதாது. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது, எல்லோர் உடலிலும் ஏறியது. அதை வைத்துச் செல்லின் பிறந்த ஆண்டைக் கணக்கிட்ட ஸ்வீடன் குழு 2009-இல் சொன்னது: 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு இதயத் தசைச் செல் புதிதாகிறது, 75 வயதில் 0.45 சதவீதம். பிறந்து ஒரு நாளான எலிக்குட்டியின் இதய நுனியை வெட்டினால் வளர்ந்துவிடும். ஏழாம் நாளில் அந்தத் திறன் போய்விடும். வரிக்குதிரை மீன் ஆயுள் முழுக்க வளர்த்துக்கொள்ளும். நமக்கு ஏன் அந்தக் கதவு மூடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் பல ஆய்வகங்கள் உழைக்கின்றன.

கேள்வி: ஜப்பானில் துடிக்கும் இதயத் தசையையே செய்து ஒட்டுகிறார்களாமே? இதுவும் பழைய கதைதானா?
(வாசகி, சிங்கப்பூர்)

பதில்: இல்லை, இது வேறு. உண்மையான நம்பிக்கை இங்கேதான் இருக்கிறது.

ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும், சாதாரணத் தோல் செல்லைப் பின்னோக்கி நகர்த்திக் கருநிலைச் செல் போல ஆக்கினார். அதற்குப் பெயர் ஐ.பி.எஸ். செல். 2012-இல் நோபல் பரிசு. மஜ்ஜைச் செல்லால் முடியாததை இது செய்யும், உண்மையிலேயே இதயத் தசையாகும். ஆய்வகத்தில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. தட்டு நிறையச் செல் வளர்ந்ததும் முதல் நாள் ‘விண்ட்’ என்ற சமிக்ஞையைத் தூண்டும் மருந்து. இரண்டு மூன்று நாள் கழித்து அதே சமிக்ஞையை அடக்கும் மருந்து. எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் நுண்ணோக்கியில் பார்த்தால் தட்டின் ஒரு மூலை துடிக்கத் தொடங்கியிருக்கும். இந்த வரிசையை ஒரு நாள் தவறவிட்டால் துடிக்கும் செல் குறைந்துவிடும்.

அடுத்தது சுத்திகரிப்பு. மாறாமல் மிச்சம் நிற்கும் ஐ.பி.எஸ். செல் உடலுக்குள் போனால் கட்டியாகும். அவற்றை நீக்க ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகக் குழு ஓர் அழகான வழி கண்டது. உணவுத் திரவத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துவிட்டு லாக்டேட்டை மட்டும் விடுவது. இதயத் தசை லாக்டேட்டைத் தின்று பிழைக்கும். மற்ற செல்கள் பட்டினியால் சாகும்.

இதை இதயத்தில் சேர்க்க இரண்டு வழி. ஒன்று ஊசியால் தசைக்குள் செலுத்துவது, இன்னொன்று செல்களை மெல்லிய ஏடாகச் செய்து இதயத்தின் மேலே ஒட்டுவது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் 2020 ஜனவரியில் ஏடு ஒட்டினார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு கொலாஜன் என்ற புரதத்தில் செல்லை வளர்த்துத் தடித்த ஒட்டாக்கியது. இதய மாற்றுக்குக் காத்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு 40 கோடி செல் கொண்ட ஒட்டை வைத்தார்கள். மூன்று மாதத்தில் மாற்று இதயம் கிடைத்தது. கழற்றிய பழைய இதயத்தை அறுத்துப் பார்த்தபோது ஒட்டு உயிரோடு, ரத்த நாளம் ஊடுருவி இருந்தது. 2025 ஜனவரியில் வெளியானது இந்த முடிவு.

எங்கே இடறுகிறது? முதலாவது துடிப்புக் கோளாறு. ஆய்வகச் செல் சிசுவின் செல் போல முதிராதது, தானே துடிக்கும் பழக்கம் உள்ளது. 2014-இல் அமெரிக்காவில் குரங்குகளுக்கு 100 கோடி செல் செலுத்தியபோது தசை வளர்ந்தது, கூடவே அபாயகரமான துடிப்புகளும் வந்தன. ஊசியில் போட்டால் செல் பழைய தசையோடு மின்தொடர்பு கொள்ளும், அதனால் கோளாறு வரும். மேலே ஒட்டினால் அந்த ஆபத்து குறையும், ஆனால் பழைய தசையின் தாளத்தோடு சேர்ந்து துடிப்பது கடினம். இந்த இழுபறி இன்னும் தீரவில்லை. இரண்டாவது, பிறர் செல்லில் செய்தால் உடல் ஏற்காது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வேண்டும், அதனால் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். அவரவர் செல்லில் செய்யப் பல மாதங்களும் பெருஞ்செலவும் ஆகும்.

ஜப்பானே ஒரு பாடமும் வைத்திருக்கிறது. தொடைத் தசைச் செல் ஏடு ஒன்றுக்கு 2015-இல் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். பலனை நிரூபிக்கக் கால அவகாசமும் கொடுத்தார்கள். 2024-இல் நிபுணர் குழு, நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. அனுமதி வந்தது என்ற செய்தியும், பலன் நிரூபணமானது என்ற செய்தியும் ஒன்றல்ல.

கேள்வி: பேரன் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தை வங்கியில் வைத்தோம். என் இதயத்துக்கு உதவுமா?
(வாசகர், திருச்சி)

பதில்: உதவாது. அதில் இருப்பது ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்.

கேள்வி: இந்தியாவில் நல்ல ஆய்வு நடந்தால் அதில் சேர ஆசை. உண்மையான ஆய்வா, வியாபாரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், வேலூர்)

பதில்: முதலில் பணம். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வில் சோதிக்கப்படும் செல்லுக்கு உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் இணையதளத்தில் யாரும் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். பதிவு இருந்தால் மட்டும் போதாது, உள்ளே படியுங்கள். எந்த நோய்க்கு, எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு உண்டா, மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலரின் அனுமதி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முழங்கால் வலிக்குப் பதிந்த எண்ணை இதயத்துக்குக் காட்டினால் ஏற்காதீர்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். ஆய்வால் உடலுக்குத் தீங்கு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளின்படி உங்கள் உரிமை. “உங்களுக்குச் செல் கிடைக்காமலும் போகலாம்” என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்களா பாருங்கள். நேர்மையான ஆய்வில் அதைச் சொல்வார்கள்.

கேள்வி: பம்பிங் குறைந்தவருக்கு மாத்திரையால் என்ன பெரிதாக ஆகிவிடப்போகிறது? எனக்கு நான்கு விதம் எழுதியிருக்கிறார்கள். இரண்டு போதாதா?
(வாசகி, ஈரோடு)

பதில்: நான்கும் வேண்டும், ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. சகுபிட்ரில்-வல்சார்டன் இதயத்தின் சுமையைக் குறைக்கும். மெட்டோபிரோலால், பிசோபிரோலால் அல்லது கார்வெடிலால் துடிப்பை நிதானப்படுத்தித் திடீர் மரணத்தைத் தடுக்கும். ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்ளெரினோன் தழும்பு பரவுவதை மட்டுப்படுத்தும். டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் உதவும். செல் சிகிச்சையால் காட்ட முடியாத ஒன்றை, அதாவது உயிரிழப்பைக் குறைப்பதை, இந்த மாத்திரைகள் பெரிய ஆய்வுகளில் காட்டியிருக்கின்றன.

கெடுவது எங்கே என்றால், தொடங்கிய சிறு அளவிலேயே ஆண்டுக்கணக்காக நின்றுவிடுவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து அளவை ஏற்ற வேண்டிய மருந்துகள் இவை. “அடுத்து ஏற்றலாமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் வகை எடுத்துக்கொண்டிருந்து சகுபிட்ரிலுக்கு மாறினால் நடுவே 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கக்கூடும்.

ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். தொடங்கி ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. 5.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடம்புக்கு நல்லது என்று தினமும் இரண்டு இளநீர் குடிப்பதும், சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்குவதும் இவர்களுக்கு ஆபத்து. அந்த உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது. சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டை ஒதுக்குங்கள்.

காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். மூச்சிரைப்பு வரும்வரை காத்திராமல் போன் செய்யுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ விரதம் இருந்தாலோ டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தி வைக்கலாமா என்று அன்றே கேளுங்கள்.

கேள்வி: தசை சாகாமலே தடுக்க என்ன செய்யலாம்? நாங்கள் இருப்பது கிராமம். பெரிய ஆஸ்பத்திரி 60 கிலோமீட்டர்.
(வாசகர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். சோடா குடித்துப் பார்ப்பதில் ஒரு மணி நேரத்தைக் கழிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம். வலி தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வையுங்கள், முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கே நிறுத்துவது வீண் நேரமில்லை. ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-இல் தொடங்கியதிலிருந்து அங்கே 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோகிரல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டார்வாஸ்டேட்டின் 10 மில்லிகிராம் எட்டு. பார்த்துவிட்டு அவர்களே கொடுத்து அனுப்புவார்கள். நீங்களாக வாங்கி வைத்துக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு உள்ளவருக்கு அது எமன். ஆஞ்சியோ செய்யும் இடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழியிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் மூன்று மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம். உங்கள் ஊருக்கு மிக அருகில் அந்த ஊசி எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.